வளைவில் வெளிப்படும் உண்மை

சீனாவின் பொதுப் பாதுகாப்பு அமைச்சகம் 2025 நவம்பரில், வாகனப் பாதுகாப்பு குறித்த தேசியத் தரநிலையின் வரைவு ஒன்றைப் பொதுமக்களின் கருத்துக்காக வெளியிட்டது. அதில் இடம்பெற்ற விதி ஒன்று உலகெங்கும் உள்ள கார் ஆர்வலர்களின் கவனத்தை ஈர்த்தது. பயணிகள் காரை ஒவ்வொரு முறை இயக்கத் தொடங்கும்போதும், அதன் இயல்பு நிலையில், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்டக் குறைந்தது 5 விநாடிகளாவது ஆக வேண்டும். அதைவிட விரைவு வேண்டுமெனில் ஓட்டுநரே முனைந்து வேறு நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே அந்த விதி.

இப்படியொரு விதியை எண்ணிப் பார்க்கும் நிலைக்குச் சீனா ஏன் வந்தது என்பதை அறிய அந்நாட்டுச் சந்தையைப் பார்த்தாலே போதும். கைப்பேசி தயாரிப்பில் பெயர் பெற்ற ஷாவ்மி நிறுவனம் 2025-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எஸ்யூ7 அல்ட்ரா என்ற மின்சாரக் காரில் மூன்று மோட்டார்கள் நான்கு சக்கரங்களையும் இயக்குகின்றன. அதன் திறன் 1,548 குதிரைத்திறன். பந்தயப் பாதையில் தகுதி பெறாத ஓட்டுநர்களுக்கு இதை 900 குதிரைத்திறனாகக் குறைக்கும் மென்பொருள் மாற்றத்தை அதே ஆண்டு மே மாதத்தில் அந்நிறுவனம் கொண்டுவந்தது. 'முழுத் திறனுக்கும் பணம் கொடுத்திருக்கிறோம்' என்று உரிமையாளர்கள் கொதித்தெழவே, அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நிறுவனத்தால் செய்ய இயலாததை அரசு செய்ய முற்படுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இது எங்கோ நடக்கும் விவாதம் என்று நாம் ஒதுங்கியிருக்க முடியாது. 2024-இல் இந்தியச் சந்தைக்கு வந்த பிஒய்டி சீல் காரின் நான்கு சக்கர இயக்க வகை 530 குதிரைத்திறன் கொண்டது, 100 கி.மீ. வேகத்தை 3.8 விநாடிகளில் எட்டுவதாக அறிவிக்கப்பட்டது. 2025-இல் வந்த டாடா ஹேரியர் மின்சாரக் காரிலும் முன்னும் பின்னும் மோட்டார் பொருத்திய நான்கு சக்கர இயக்க வகை இருக்கிறது. 40 குதிரைத்திறனுக்கும் குறைவான திறனும் ஏறத்தாழ 650 கிலோ எடையும் கொண்டிருந்த தொடக்கக் கால மாருதி 800-இல் கார் ஓட்டப் பழகிய தலைமுறையின் பிள்ளைகள், இன்று இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட எடையும் அதைப்போலப் பதின்மடங்கு திறனும் உடைய வாகனங்களில் ஏறி அமர்கின்றனர்.

கார் விற்பனை நிலையம் ஒன்றுக்கு அண்மையில் நண்பருடன் சென்றிருந்தேன். 'நான்கு சக்கரமும் இழுப்பதால் எந்த வளைவிலும் வண்டி தரையை விடாது, சார்' என்று அங்கிருந்த இளைஞர் உறுதிபடக் கூறினார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. விளம்பரங்கள் பல்லாண்டுகளாக ஊட்டி வளர்த்த நம்பிக்கையைத்தான் அவர் திருப்பிச் சொன்னார். ஆனால் அந்த நம்பிக்கை பாதி உண்மை. எஞ்சிய பாதியை வாங்குபவரிடம் சொல்ல வேண்டிய கடமை யாருக்கு என்பதே என் கேள்வி.

நான்கு சக்கர இயக்கம் என்ன செய்கிறது? எஞ்சின் அல்லது மோட்டாரின் விசையை இரண்டு டயர்களுக்குப் பதில் நான்கு டயர்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. அதனால் ஈரத்திலும் மணலிலும் சக்கரம் வீணாகச் சுழலாமல் கார் விரைந்து புறப்படுகிறது. செங்குத்தான ஏற்றத்தில் தயங்காமல் ஏறுகிறது. இவை மெய்யான பயன்கள். ஆனால், பிரேக் பிடிக்கும்போது அதனால் கூடுதல் பயன் ஏதுமில்லை. ஏனெனில் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் இருக்கிறது. வளைவில் பக்கவாட்டு விசையைத் தாங்குவதும் டயரே. எத்தனை சக்கரங்களுக்கு விசை செல்கிறது என்பதைப் பொறுத்து அந்தத் தாங்கும் எல்லை உயர்ந்துவிடுவதில்லை.

ஒரு டயரின் பிடிமானம் மாதச் சம்பளம் போன்றது. முடுக்கம், பிரேக், திரும்புதல் ஆகிய மூன்று செலவுகளையும் அந்த ஒரே சம்பளத்தில்தான் சமாளிக்க வேண்டும். வளைவில் திரும்பும்போது முடுக்கியை அழுத்தினால், முன் டயர்கள் திரும்பும் வேலையையும் இழுக்கும் வேலையையும் சேர்த்துச் செய்ய நேர்கிறது. அத்துடன் முடுக்கத்தின்போது காரின் எடை பின்னோக்கிச் சாய்வதால் முன் டயர்களின் மீதான அழுத்தம் குறைகிறது. வேலை கூடி, ஆதாரம் குறைந்த நிலையில் முன் டயர்கள் பிடியை இழக்கின்றன. ஸ்டீயரிங்கை எவ்வளவு வளைத்தாலும் கார் வளைவின் வெளிப்புறம் நோக்கி நழுவிச் செல்கிறது. இதைத்தான் பொறியாளர்கள் 'அண்டர்ஸ்டீர்' என்கின்றனர். தமிழில் திருப்பக் குறைவு எனலாம். பின் டயர்கள் முதலில் பிடியை இழந்து, காரின் பின்புறம் சுழன்று வருவது இதற்கு நேர்மாறானது. அது 'ஓவர்ஸ்டீர்', அதாவது திருப்ப மிகை.

இந்தக் குறையின் வரலாறு நான்கு சக்கர இயக்கக் கார்களின் வரலாற்றோடு பிணைந்தது. 1980 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான ஔடி குவாட்ரோதான் சாலைக் கார்களின் உலகில் இத்தொழில்நுட்பத்துக்குப் பெருமதிப்பைத் தேடித் தந்தது. ராலி பந்தயங்களில் அதன் வெற்றிகள் வியப்பூட்டின. 1981-இல் சான் ரெமோ ராலியில் அதை ஓட்டிய மிஷேல் மூத்தோன், உலக ராலி சாம்பியன் போட்டிச் சுற்றொன்றை வென்ற முதல் பெண் என்ற பெருமையைப் பெற்றார். 1982, 1984 ஆகிய ஆண்டுகளில் தயாரிப்பாளர் பட்டமும் ஔடிக்கே கிடைத்தது.

ஆனால், குவாட்ரோவின் ஐந்து சிலிண்டர் எஞ்சின் முன்னச்சுக்கும் முன்னால் தொங்கியபடி அமைந்திருந்தது. முன்பாரம் மிகுந்த அந்தக் கார் வளைவில் திரும்ப மறுத்தது. வலக்காலால் முடுக்கியை அழுத்தியபடியே இடக்காலால் பிரேக்கைத் தொட்டு எடையை முன்னுக்குக் கொண்டுவருவது, வளைவுக்கு முன்பே காரை எதிர்த் திசையில் ஒருமுறை ஆட்டிச் சுழற்றுவது என ஓட்டுநர்கள் பல உத்திகளைக் கையாண்டனர். திருப்பத்தை எளிதாக்க வேண்டி 1984-இல் ஸ்போர்ட் குவாட்ரோவில் அச்சுகளுக்கு இடையிலான தொலைவை 320 மி.மீ. குறைத்தனர். அப்போதும், எஞ்சினை நடுவில் வைத்து வடிவமைத்த பெஜோ 205 டர்போ 16, 1985, 1986 ஆகிய இரு ஆண்டுகளிலும் பட்டத்தைத் தட்டிச் சென்றது. நான்கு சக்கரங்களுக்கு விசை தருவது மட்டும் போதாது, எடை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம் எனும் பாடத்தைப் பந்தய உலகம் அன்றே கற்றுக்கொண்டது.

அடுத்த கட்டம் ஜப்பானில் நிகழ்ந்தது. 1989-இல் வந்த நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், இயல்பில் பின்சக்கர இயக்கக் காராகவே நடந்துகொண்டது. பின் டயர்கள் வழுக்கத் தொடங்கினால் மட்டும் மின்னணுக் கட்டுப்பாட்டின் மூலம் பாதி விசை வரை முன்னுக்கு அனுப்பியது. முன் டயர்களைத் திரும்பும் வேலைக்கென ஒதுக்கிவைத்த அறிவுடைமை அது. 1996-இல் மிட்சுபிஷி லேன்சர் எவல்யூஷன் 4 இன்னும் ஒரு படி மேலே போய், பின்சக்கரங்களில் இடம், வலம் எனத் திருப்புவிசையை மாற்றித் தந்து காரையே வளைவுக்குள் தள்ளியது. திருவள்ளூரில் தயாராகி நம் சாலைகளில் ஓடிய லேன்சர் கார்கள் இதே பெயரைத் தாங்கியிருந்தாலும், அவை எளிய முன்சக்கர இயக்கக் கார்கள். 2016-இன் ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ் திருப்புவிசையில் 70 விழுக்காடு வரை பின்னச்சுக்கு அனுப்பியதுடன், வேண்டுமென்றே பின்புறத்தைச் சுழலவிடும் 'டிரிஃப்ட்' நிலையையும் வழங்கியது.

இத்தனை தொழில்நுட்பம் கைவசம் இருந்தும், பெரும்பாலான சாலைக் கார்களை இன்றும் சற்றே திருப்பக் குறைவு கொண்டவையாகவே நிறுவனங்கள் வடிவமைக்கின்றன. ஆர்வலர்கள் இதைக் கோழைத்தனம் என்று ஏளனம் செய்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சாதாரண ஓட்டுநர் ஒருவர் வளைவில் கார் வெளியே நழுவுவதை உணர்ந்தால் அச்சத்தில் முடுக்கியிலிருந்து காலை எடுத்துவிடுவார். அப்போது எடை முன்னால் வந்து, முன் டயர்கள் மீண்டும் பிடியைப் பெறுகின்றன, வேகமும் குறைகிறது. அதாவது, இயல்பான அச்சமே அவரைக் காப்பாற்றுகிறது. திருப்ப மிகையில் நிலைமை தலைகீழ். காலைத் திடீரென எடுத்தால் பின்புறம் இன்னும் இலகுவாகி மேலும் சுழலும். மீண்டுவர எதிர்த் திசையில் ஸ்டீயரிங்கைத் துல்லியமாகத் திருப்ப வேண்டும். அது பயிற்சியால் மட்டுமே வருவது.

மேலும், முன்புறமாகச் சென்று மோதும் காரில் நசுங்கி விசையை உள்வாங்கும் பகுதியும் காற்றுப்பையும் பயணிக்கு அரணாக நிற்கின்றன. பக்கவாட்டில் சுழன்று மரத்தில் மோதும் காரில் பயணிக்கும் மரத்துக்கும் இடையே இருப்பது ஒரு கதவின் தடிமன் மட்டுமே.

இதைப் பட்டறிவாக உணர்ந்த நிறுவனங்களும் உண்டு. 1997 அக்டோபரில் ஸ்வீடன் நாட்டு வாகன இதழ் ஒன்று நடத்திய திடீர்த் திருப்பச் சோதனையில் மெர்சிடஸ் ஏ-கிளாஸ் கவிழ்ந்தது. விற்பனையை நிறுத்திவைத்த நிறுவனம், அதுவரை விலையுயர்ந்த கார்களில் மட்டும் இருந்த மின்னணு நிலைப்புக் கட்டுப்பாட்டை அந்தச் சிறிய காரிலும் பொருத்தியது. 1998-இல் வந்த ஔடி டிடி, ஜெர்மனியின் அதிவேகச் சாலைகளில் நிலைகுலைந்து உயிரிழப்புகளுக்குக் காரணமானது. அக்கார்களைத் திரும்பப் பெற்ற நிறுவனம் நிலைப்புக் கட்டுப்பாட்டையும் பின்புறக் காற்றுத் தடுப்பையும் பொருத்தி, சஸ்பென்ஷனையும் மாற்றியமைத்தது. அதன்பின் அந்தக் கார் முன்புபோல் துள்ளவில்லை என்று சிலர் குறைப்பட்டனர். துள்ளலுக்கும் உயிருக்கும் இடையே எதைத் தேர்வது என்பதில் ஐயமிருக்க முடியாது.

சரி, மின்சார யுகத்தில் என்ன மாறியிருக்கிறது? மோட்டார்கள் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் விசையைக் கூட்டவோ குறைக்கவோ வல்லவை. மின்கலம் தரைத்தளத்தில் இருப்பதால் காரின் எடை தாழ்வாக அமைகிறது. முன்னச்சில் கனத்த எஞ்சின் இல்லை. எனவே, அன்றைய குவாட்ரோவை வாட்டிய முன்பாரச் சிக்கல் பெரிதும் தீர்ந்துவிட்டது. நிதானமான வேகத்தில் இந்தக் கார்கள் மிக நடுநிலையாக, ஓட்டுநர் விரும்பியபடி திரும்புகின்றன. சிக்கலும் இதிலேயே தொடங்குகிறது.

பழைய கார் எல்லையை நெருங்கும்போது எச்சரித்தது. எஞ்சின் உறுமியது, உடல் சாய்ந்தது, டயர் கீச்சிட்டது. இன்றைய மின்சாரக் கார் ஒலியின்றி, சாய்வின்றி எல்லை வரை சென்றுவிடுகிறது. அந்த எல்லையைத் தாண்டும்போதோ இரண்டு டன் எடையும் சேர்ந்து தாண்டுகிறது. எடை இருமடங்கானால் டயரின் பிடிமானமும் சரியாக இருமடங்காகிவிடும் என்று எண்ணக் கூடாது. சுமை கூடக் கூட ஒவ்வொரு கிலோவுக்கும் டயர் தரும் பிடி சற்றுக் குறைந்துகொண்டே வரும் என்பது டயர் பொறியியலின் அடிப்படை.

எளிய கணக்கொன்றைப் பார்ப்போம். 50 மீட்டர் ஆரம் கொண்ட ஒரு வளைவு. அதில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் திரும்ப, காரின் எடையில் ஏறத்தாழ 57 விழுக்காடு அளவுக்குப் பக்கவாட்டுப் பிடிமானம் வேண்டும். உலர்ந்த சாலையில் நல்ல டயர்கள் இதை எளிதில் தரும். மழையில் அதுவே எல்லையாக இருக்கலாம். வேகம் 80 ஆனால் தேவை 100 விழுக்காடாகிறது. சாதாரணச் சாலை டயர்கள் உலர்ந்த தரையிலும் இங்கே திணறும். 100 கி.மீ. வேகத்துக்கு 157 விழுக்காடு வேண்டும். விலை எதுவானாலும், இயக்கம் எதுவானாலும் சாலை டயர் பூட்டிய எந்தக் காராலும் அது ஆகாது.

இப்போது முடுக்கத்தின் பங்கைப் பாருங்கள். 3.8 விநாடிகளில் 100 கி.மீ. வேகத்தை எட்டும் கார், சீரான முடுக்கம் எனக் கொண்டால், அதற்குள் 53 மீட்டர் தொலைவு மட்டுமே ஓடியிருக்கும். அதே தொலைவில், 12 விநாடிகள் எடுத்துக்கொள்ளும் சாதாரணக் கார் 56 கி.மீ. வேகத்தைத்தான் எட்டியிருக்கும். இரண்டு வளைவுகளுக்கு இடையே 53 மீட்டர் நேர்ச்சாலை இருந்தால், இரண்டாம் வளைவை முதல் கார் ஒருபோதும் கடக்க முடியாத வேகத்திலும், இரண்டாவது கார் பாதுகாப்பான வேகத்திலும் அணுகுகின்றன. 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க, உலர்ந்த தரையிலேயே முழுப் பிரேக்கில் ஏறத்தாழ 40 மீட்டர் தேவை. ஈரத்தில் 65 மீட்டர்கூட ஆகலாம். முடுக்க நான்கு சக்கரங்களும் ஒத்துழைத்த வேகத்தில், திரும்பவோ நிற்கவோ அவை ஒத்துழைக்க மாட்டா. நான்கு சக்கர இயக்கம் தரும் மயக்கம் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆகவே சீனாவின் 5 விநாடி யோசனையில் நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து. அது யாருடைய காரின் திறனையும் பறிக்கவில்லை. தெரிந்தே கேட்டால் ஒழிய அத்திறன் வெளிப்படக் கூடாது என்கிறது. வீட்டில் வேறொருவர் சாவியை எடுத்து ஓட்டும்போதோ, பதற்றத்தில் பிரேக்குக்குப் பதிலாக முடுக்கியை மிதிக்கும்போதோ இந்த ஏற்பாடு உயிரைக் காக்கக்கூடும்.

'வேகமாகச் செல்லும் கார் என்பதற்காக அதை வேகமாகத்தான் ஓட்ட வேண்டும் என்பதில்லையே. பொறுப்புள்ள ஓட்டுநரை ஏன் தண்டிக்க வேண்டும்?' என்று கேட்பவர்களின் வாதத்தையும் நான் புறந்தள்ளவில்லை. முடுக்கத்தைக் கட்டுப்படுத்தினால் மட்டும் வளைவில் நழுவுவது நின்றுவிடாது என்பதும் உண்மை. 12 விநாடிக் காரையும் நீண்ட நேர்ச்சாலைக்குப்பின் 100 கி.மீ. வேகத்தில் வளைவுக்குள் செலுத்த முடியும். எனவே, இந்த ஒரு விதியோடு நிறைவடைவது பாதிக் கிணறு தாண்டியதாகவே ஆகும்.

மீதிக் கிணற்றைத் தாண்ட நம் நாடு செய்ய வேண்டியவை உள்ளன. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவற்றில் 71.2 விழுக்காட்டுக்கு அளவுக்கு மீறிய வேகம் காரணம் என அறிக்கை கூறுகிறது. அந்த ஆண்டு 64,105 விபத்துகளுடன் மாநிலங்களில் முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடு. இவற்றில் பெரும்பாலானவை அதிதிறன் கார்களால் நிகழ்ந்தவை அல்ல. ஆனால், வேகத்தால் ஏற்கெனவே இத்தனை உயிர்களை இழக்கும் சாலைகளில்தான் அத்தகைய கார்களும் பெருகப்போகின்றன என்பதை மறக்கலாகாது.

முதலாவதாக, மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமாக வேண்டும். முன்புறம் நழுவும்போது உட்புறப் பின்சக்கரத்தையும், பின்புறம் சுழலும்போது வெளிப்புற முன்சக்கரத்தையும் தானாகவே பிரேக்கிட்டுக் காரை வழிக்குக் கொண்டுவரும் கருவி இது. அமெரிக்காவில் 2012-ஆம் ஆண்டுக்கான கார்களிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம். 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் மதிப்பீட்டில் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் பெற இக்கருவி வேண்டும் என்பது வரவேற்கத்தக்கது. ஆனால், நட்சத்திரம் என்பது நிறுவனத்தின் விருப்பம். பாதுகாப்பு அப்படி இருக்கலாகாது.

இரண்டாவதாக, திறன் மிகுந்த கார்கள் இயல்பு நிலையில் மிதமான முடுக்கத்துடனேயே புறப்பட வேண்டும் என்ற விதியை நாமும் பரிசீலிக்கலாம். மூன்றாவதாக, பிரேக்கிட்டு நிற்கும் தூரம், திடீர்த் திருப்பத்தில் கார் நிலைகுலையாத வேகம் ஆகியவற்றை உலர்ந்த தரையிலும் ஈரத் தரையிலும் சோதித்து வெளியிட வேண்டும். எத்தனை விநாடியில் 100 கி.மீ. என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிடும் விளம்பரம், எத்தனை மீட்டரில் நிற்கும் என்பதையும் அதே அளவு எழுத்தில் சொல்லட்டும்.

நான்காவதாக, ஓட்டுநர் பயிற்சி. எட்டுப் போட்டுக் காட்டி உரிமம் பெற்றவருக்கு, ஈரத் தரையில் முன்புறம் நழுவினால் என்ன செய்வது என்று யாரும் கற்றுத் தருவதில்லை. முடுக்கியிலிருந்து காலை மெல்ல எடுக்க வேண்டும். ஸ்டீயரிங்கை மேன்மேலும் வளைக்காமல் சற்றே தளர்த்தி, டயர் பிடியைப் பெற இடம் தர வேண்டும். போக வேண்டிய திசையில் பார்வையை வைக்க வேண்டும். இதைவிட முக்கியம், பிரேக்கை வளைவுக்கு முன்பே நேர்ச்சாலையில் பிடித்து முடித்துவிடுவது. இதைக் கற்பிக்க ஒரு திடலும் சில குடம் தண்ணீரும் அரைநாளும் போதும்.

உரிமையாளர்களுக்கும் பொறுப்புண்டு. நான்கு சக்கர இயக்கக் காரில் நான்கு டயர்களும் ஒரே வகையாகவும் ஒத்த தேய்மானத்துடனும் இருத்தல் நலம். மற்றக் கார்களில் இரண்டை மட்டும் மாற்ற நேர்ந்தால், புதியவற்றைப் பின்புறம் பூட்டுமாறு டயர் நிறுவனங்கள் அறிவுறுத்துகின்றன. ஈரத்தில் பின்புறம் சுழல்வதைத் தவிர்ப்பதே அதன் நோக்கம். நம் பணிமனைகளிலோ பெரும்பாலும் புதிய டயர் முன்னுக்குத்தான் போகிறது. கோடைக்குப்பின் பெய்யும் முதல் மழையில், எண்ணெயும் தூசியும் கலந்து வழுவழுப்பாகும் சாலையில் தேய்ந்த டயருக்கு எந்த மின்னணுக் கருவியும் பிடிமானத்தைப் படைத்துத் தர முடியாது. இருக்கும் பிடிமானத்தைச் சரியாகப் பங்கிடத்தான் அதனால் இயலும்.

தொழில்நுட்ப முன்னேற்றத்தை வரவேற்பவன் நான். 1980-இல் ராலி வீரர்களின் கைத்திறன் கோரிய வேலையை இன்று ஒரு மென்பொருள் செய்வது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் முடுக்கம் விற்பனைக்கு உதவுகிறது என்பதற்காக அதைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, வளைவைப் பற்றி வாய்திறக்காமல் இருப்பது வணிக நேர்மையாகாது. அதை நேராக்க வேண்டியது அரசின் கடமை. கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் எந்தக் காரையும் இறுதியில் தாங்குவது, தரையைத் தொடும் நான்கு உள்ளங்கையளவு ரப்பர் மட்டுமே. மோட்டாரின் திறன் எவ்வளவு உயர்ந்தாலும் அந்த ரப்பரின் அளவு அதற்கேற்ப வளரவில்லை என்பதை, காரை விற்பவரும் வாங்குபவரும் விதி வகுப்பவரும் ஒருசேர நினைவில் கொண்டாக வேண்டும்.